கவுன்சிலின் கணக்குக் கவிழ்ந்தால் இறைச்சிப் பொதியின் லேபிளை யார் பார்ப்பது?

கீரிமலையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில், ஒரே அடுக்கு நிர்வாகம் கொண்ட ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) எல்லைக்குள் நெடுங்காலமாக வசிக்கிறேன். எங்கள் கவுன்சில், வருவாய்க்குள் செலவை அடக்க முடியவில்லை என்று சொல்லும் 'பிரிவு 114' அறிவித்தலை வெளியிட்டு, இப்போது மத்திய அரசு அனுப்பிய ஆணையாளர்களின் மேற்பார்வையில் இயங்குகிறது. கவுன்சில் வரி ஏறியதையும் நூலகம் பூட்டப்பட்டதையும் பற்றி இங்கே ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டார்கள். என் கேள்வி வேறு.

சென்ற மாதம் ஒரு கடையில், அங்கேயே தயாரித்துப் பொதி செய்யப்பட்ட 'லாம்ப் கோஃப்தா' (மசாலா சேர்த்து அரைத்த ஆட்டிறைச்சி உருண்டை) வாங்கினேன். பொதியில் பெயரும் விலையும் திகதியும் மட்டுமே இருந்தன. ஆட்டிறைச்சி எத்தனை சதவீதம், அது எந்த நாட்டு இறைச்சி, வேறு எதுவும் கலந்திருக்கிறதா என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதால் இது எனக்குச் சிறிய விடயம் அல்ல. நுகர்வோருக்கு ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் உதவித் தொலைபேசி வழியாக முறையிட்டேன். அவர்கள் அதைக் கவுன்சிலின் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் (வணிகத் தரக் கண்காணிப்பு) பிரிவுக்கு அனுப்பினார்கள். சில வாரங்களுக்குப் பிறகு, தகவலைப் பதிவு செய்துகொண்டதாகவும் தற்போது நேரில் பரிசோதிக்கும் எண்ணம் இல்லை என்றும் இரண்டு வரியில் பதில் வந்தது.

கவுன்சில் எந்தக் கட்டடத்தை விற்கிறது, எவ்வளவு கடன் வாங்குகிறது என்பதையெல்லாம் லண்டனில் இருந்து இத்தனை நுணுக்கமாகக் கவனிக்கும் அரசு, அதே கவுன்சில் உணவு லேபிள் சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறதா என்பதையும் கவனிக்கிறதா? பிரிவு 114 வந்த பின்பும் சட்டப்படி கட்டாயமான சேவைகள் தொடரும் என்கிறார்கள். அப்படியானால் லேபிள் பரிசோதனை அந்தக் கட்டாயச் சேவைகளுள் அடங்குமா, அடங்காதா? அடங்கும் என்றால் ஏன் எவரும் வரவில்லை?

பழைய பேரேடு

ஐயா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அடங்கும். ஆனால் அந்தப் பதிலால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஏன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். நான் கவுன்சில் ஒன்றின் நிதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இறைச்சியைப் பற்றி எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்தவர் எழுதட்டும்.

பிரிவு 114 என்பது 1988ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தில் வருவது. ஓர் ஆண்டின் செலவு அந்த ஆண்டுக்குரிய வருவாயை மீறப்போகிறது என்று தெரிந்தால், கவுன்சிலின் தலைமை நிதி அலுவலர் அதை எழுத்தில் அறிவித்தே ஆக வேண்டும். மன்றம் 21 நாட்களுக்குள் கூடி அதைப் பரிசீலிக்க வேண்டும், அதுவரை செலவு வைக்கும் புதிய ஒப்பந்தம் எதையும் அந்த அலுவலரின் அனுமதி இல்லாமல் செய்ய முடியாது. செய்தித்தாள்கள் இதைத் 'திவால்' என்று எழுதுகின்றன. தனியார் நிறுவனம் மூடப்படுவது போலக் கவுன்சிலை மூட இங்கே சட்டத்தில் வழியில்லை. அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கவும் அதற்கு உரிமையில்லை. அதனால்தான், சொத்தை விற்ற பணத்தையோ கடனையோ அன்றாடச் செலவுக்குத் திருப்பிவிட அமைச்சரின் சிறப்பு அனுமதியைக் கேட்டுக் கவுன்சில்கள் வரிசையில் நிற்கின்றன. 2025-26ஆம் நிதியாண்டுக்கு அப்படி அனுமதி பெற்றவை 30.

நார்தாம்ப்டன்ஷயர் 2018இலும், குரொய்டன் 2020இலும், ஸ்லவ் 2021இலும், தர்ரொக் 2022இலும், வோக்கிங், பர்மிங்காம், நொட்டிங்காம் ஆகியவை 2023இலும் இந்த அறிவித்தலை வெளியிட்டன. இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது தவறு. வோக்கிங் ஒரு சிறிய மாவட்டக் கவுன்சில். கட்டட முதலீட்டுக்காக அது வாங்கிய கடன் 2.6 பில்லியன் பவுண் வரை போகும் என்று கணக்கிடப்பட்டது. பர்மிங்காமின் கதையில் ஆண் பெண் ஊழியர்களுக்கான சம ஊதியப் பாக்கியும், கைகொடுக்காத ஒரு கணினி நிதி அமைப்பும் இருந்தன. ஆனால் செலவைக் குறைக்கும் நாள் வந்ததும் கவுன்சில்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கைவைக்கும் என்பது என் அனுபவம். அந்த இடத்துக்குத்தான் வருகிறேன்.

மேற்பார்வைக்கு இரண்டு கை உண்டு. ஒன்று, 1999ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். செலவிடும் பணத்துக்குத் தக்க பயனைத் தரும் கடமையில் கவுன்சில் தவறினால், அமைச்சர் ஆய்வாளரை அனுப்பலாம், பணிப்புரை இடலாம், ஆணையாளர்களை நியமித்துக் கவுன்சிலின் அதிகாரங்களை அவர்களிடம் கொடுக்கலாம். மற்றது கணக்காய்வு. 1983 முதல் இங்கிலாந்தின் கவுன்சில்களைக் கணக்காய்வு ஆணைக்குழு ஒன்று பார்த்துவந்தது. கூட்டல் கழித்தல் சரியா என்று பார்ப்பதோடு நில்லாமல், ஒரே அளவுள்ள இரண்டு கவுன்சில்களை அருகருகே வைத்து, இந்த வேலைக்கு இவர்கள் ஏன் இவ்வளவு குறைவாகச் செலவிடுகிறார்கள் என்றும் அது கேட்கும். அந்த அறிக்கை வரும் நாட்களில் எங்கள் அலுவலகத்தில் எவருக்கும் பசி எடுக்காது. அதை மூடும் முடிவு 2010இல் அறிவிக்கப்பட்டு, 2015 மார்ச்சுடன் அது மூடப்பட்டது. வேலை தனியார் கணக்காய்வு நிறுவனங்களுக்குப் போயிற்று. விளைவு என்னவென்றால், 2022-23ஆம் ஆண்டுக்கான கணக்குகளில் உரிய திகதிக்குள் கணக்காய்வு முடிந்து வெளிவந்தவை நூற்றுக்கு ஒன்று. தேங்கியவற்றைத் தீர்க்க 2024 டிசம்பர் 13 என்று ஒரு முடிவுத் திகதி குறிக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கான கணக்குகளுக்குக் கணக்காய்வாளர்கள் 'கருத்துச் சொல்ல இயலாது', அதாவது கணக்குச் சரியா என்று உறுதி தர முடியாது, என்று எழுதிக் கொடுத்தார்கள். நாட்டின் முழு அரசுக் கணக்குக்கே அந்த ஆண்டில் கருத்துச் சொல்ல முடியாமல் போனது. ஓர் உள்ளூர்க் கணக்காய்வு அலுவலகத்தைப் புதிதாக அமைக்கும் சட்டமுன்வரைவு 2025 ஜூலையில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. இடித்த வீட்டின் இடத்திலேயே மறுபடி அத்திவாரம் போடுகிறார்கள்.

இனி உங்கள் கோஃப்தாவுக்கு வருவோம். உணவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது கவுன்சிலின் கட்டாயக் கடமைதான். ஆனால் சட்டம் 'செய்' என்கிறது. எத்தனை பேரை வைத்து, ஆண்டுக்கு எத்தனை மாதிரி எடுத்துச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. முதியோர் பராமரிப்பும் சிறுவர் பராமரிப்பும் கட்டாயக் கடமைகளே. அவற்றில் தவறினால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பெயர் உண்டு, அவருக்கு ஒரு சட்டத்தரணியும் கிடைப்பார், கவுன்சில் நீதிமன்றத்தில் நிற்க நேரும். எடுக்கப்படாத ஓர் இறைச்சி மாதிரிக்காக எவரும் வழக்குப் போடுவதில்லை. வரவு செலவுத் திட்டம் எழுதும் மேசையில் நான் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். அந்த வேறுபாட்டை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் பென்சில் போன இடம் அதுதான்.

தராசுமுனை

பேரேடு ஐயா எழுதியது கசப்பாக இருந்தாலும் சரியே. உணவுத் தரப் பரிசோதகராகச் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இறைச்சிப் பக்கத்தை நான் எழுதுகிறேன். கீரிமலையான் அண்ணா சொன்னதில் ஒரு சிறு திருத்தமும் உண்டு.

கவுன்சில் உணவுக் கடைக்குள் வருவது இரண்டு வேலைகளுக்காக. ஒன்று சுகாதாரம்: குளிர்பெட்டி, எலி, கை கழுவும் இடம். கடைக் கதவில் பூச்சியம் முதல் ஐந்து வரை ஒட்டியிருக்கும் எண் அதைப் பற்றியது மட்டுமே. மற்றது தரம்: கலவை, பெயர், லேபிள். ஐந்து பெற்ற கடையில் ஆட்டிறைச்சி என்ற பெயரில் மாட்டிறைச்சி இருக்கலாம், அந்த எண் அதைப் பற்றிப் பேசாது. கவுண்டியும் மாவட்டமுமாக இரண்டு அடுக்கு உள்ள பகுதிகளில் சுகாதாரம் மாவட்டக் கவுன்சிலிடமும், தரம் கவுண்டியின் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸிடமும் இருக்கும். உங்களுக்கு இரண்டும் ஒரே கவுன்சில்தான்.

தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கை இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் காட்டியது. 2017-18இல் இங்கிலாந்துக் கவுன்சில்கள் செய்திருக்க வேண்டிய சுகாதாரப் பரிசோதனைகளில் பெரும்பகுதியைச் செய்து முடித்தன. உணவுத் தரப் பரிசோதனைகளில் 37 சதவீதத்தையே செய்தன. இதில் பரிசோதகர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேர் மட்டும் மிஞ்சியிருக்கும் பிரிவில், ஒவ்வாமையால் ஒருவர் உயிரிழக்கக்கூடும் என்ற முறைப்பாடும் சதவீதம் எழுதாத பொதி பற்றிய முறைப்பாடும் ஒரே காலையில் வந்தால், நானும் முதலாவதைத்தான் எடுத்துக்கொண்டு போவேன்.

இப்போது உங்கள் பொதி. நாட்டின் பெயர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அங்கே சட்டம் உங்களைக் கைவிடுகிறது. பொதி செய்யப்பட்ட பச்சை ஆட்டிறைச்சி, பன்றி இறைச்சி, கோழி இறைச்சி ஆகியவற்றில், விலங்கு வளர்க்கப்பட்ட நாடும் அறுக்கப்பட்ட நாடும் எழுதப்பட வேண்டும் என்ற விதி 2015 ஏப்ரல் முதல் இருக்கிறது. மாட்டிறைச்சிக்கு அதைவிடக் கடுமையான விதி, 'மேட் கௌ' எனப்பட்ட மாட்டு நோயின் பின்விளைவாக 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் உங்கள் கோஃப்தாவைப் போல ஆட்டிறைச்சியோடு உப்பும் மசாலாவும் சேர்ந்துவிட்டால் அது சட்டத்தின் கண்ணில் பச்சை இறைச்சி அல்ல, 'இறைச்சித் தயாரிப்பு'. அந்த விதி அதற்குப் பொருந்தாது. ஒரு கரண்டி மல்லித்தூள் ஒரு நாட்டின் பெயரையே அழித்துவிடுகிறது என்று நாங்கள் அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்போம்.

இறைச்சியின் சதவீதம் இல்லாததுதான் மீறல். இறைச்சியோடு வேறு பொருள் சேர்ந்த உணவை, கடையிலேயே பொதி செய்து விற்றாலும், பொதியின்றி விற்றாலும், அதில் இறைச்சி எவ்வளவு என்று காட்ட வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் உணவுத் தகவல் விதிகள் சொல்கின்றன. பீட்சா, சாண்ட்விச் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. கடையில் பொதி செய்யும் உணவுகளில் சேர்பொருள் பட்டியல் முழுவதும், ஒவ்வாமைப் பொருட்கள் எடுப்பாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது 2021 ஒக்டோபர் முதல் சட்டம். ஆகவே உங்கள் பொதியில் குறைந்தது இரண்டு மீறல்கள். முறைப்பாட்டில் நாட்டின் பெயரை முன்னால் வைத்திருந்தால், அடுத்த முறை ஒவ்வாமைப் பொருளை முன்னால் வையுங்கள். அதற்கு ஆள் வருவார்.

மாட்டிறைச்சி கலந்திருக்குமோ என்ற ஐயம் லேபிளால் தீராது, ஆய்வகத்தால்தான் தீரும். 2013 ஜனவரியில் குதிரை இறைச்சி வெளிப்பட்ட கதையை நினைத்துப் பாருங்கள். அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 27 மாட்டிறைச்சி பர்கர்களைச் சோதித்தது. 10இல் குதிரையின் மரபணுவும் 23இல் பன்றியின் மரபணுவும் இருந்தன. லேபிள்கள் எல்லாம் அழகாகத்தான் இருந்தன. அதன் பிறகு பேராசிரியர் கிறிஸ் எலியட்டின் ஆய்வறிக்கை 2014இல் வந்தது, அடுத்த ஆண்டில், உணவுச் சட்டம் நடைமுறையாகிறதா என்று பார்க்கும் அரசு அமைப்பான உணவுத் தர முகமைக்குள் (எஃப்.எஸ்.ஏ) தேசிய உணவுக் குற்றப் பிரிவும் உருவானது. இவையெல்லாம் நல்லவையே. ஆனாலும் கடையில் போய் மாதிரி எடுக்கும் கை இன்றும் கவுன்சிலின் கைதான்.

மேற்பார்வை பற்றிக் கேட்டீர்கள். 1990ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 42 என்று ஒன்று இருக்கிறது. ஒரு கவுன்சில் தன் கடமையைச் செய்யத் தவறி, அதனால் நுகர்வோரின் பொது நலன் பாதிக்கப்படுகிறது என்று அமைச்சர் கருதினால், அந்தக் கடமையை வேறொரு கவுன்சிலிடமோ உணவுத் தர முகமையிடமோ ஒப்படைத்து, செலவைத் தவறிய கவுன்சிலிடமே வசூலிக்கலாம். நிதிக்கு ஆணையாளர்கள் எப்படியோ, உணவுக்கு இது அப்படி. நான் பணியில் இருந்த காலம் முழுவதும் அதைச் சட்டப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தேன். பணமே இல்லாத கவுன்சிலிடம் செலவை வசூலிப்பேன் என்று மிரட்டுவதில் என்ன பயன் என்று எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

வைகைக்கரை

நான் ஸ்காட்லாந்தில் இருக்கிறேன். இரண்டு நண்பர்களும் பணத்தையே காரணமாகச் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இங்கே கவுன்சில்களைத் தணிக்கை செய்யும் ஆணையம் 1975 முதல் கலைக்கப்படாமல் இருக்கிறது. உணவுக்கும் 2015 முதல் தனி அமைப்பு உண்டு. இங்கிலாந்தின் சிக்கல் அதிகாரம் சிதறிக் கிடப்பது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2010 வரை லேபிள் கொள்கையும் உணவுத் தர முகமையிடமே இருந்தது. பின்னர் இங்கிலாந்தில் அது சுற்றுச்சூழல், உணவு விவகாரங்களைப் பார்க்கும் டெஃப்ரா துறைக்கு மாற்றப்பட்டது. இப்போது விதியை எழுதுவது ஒரு துறை, அது நடக்கிறதா என்று கேட்பது முகமை, நடத்த வேண்டியது கவுன்சில், கவுன்சிலின் கணக்கைப் பார்ப்பது உள்ளாட்சி அமைச்சகம். நான்கு பேர் தூக்கும் கட்டிலில் எந்தக் கால் தரையில் இழுபடுகிறது என்று எவருக்கும் தெரியாது.

பணம்தான் தடை என்றால், பரிசோதனைக் கட்டணத்தைக் கடைக்காரரிடமே வாங்கினால் என்ன?

தராசுமுனை

வைகைக்கரை அவர்களுக்கு: அறுப்புக்கூடங்களில் அது ஏற்கெனவே நடக்கிறது. அங்கே பணியில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவருக்கும் பரிசோதகருக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை உணவுத் தர முகமை அந்தக் கூடங்களிடமே வசூலிக்கிறது. சிறிய அறுப்புக்கூடங்கள் அந்தக் கட்டணத்தால் மூடப்படும் என்ற வாதமும் ஆண்டுதோறும் எழுகிறது. வளாகத்துக்குள் ஒருவர் நாள் முழுவதும் நிற்கும் தொழிலுக்குக் கட்டணம் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் எட்டிப் பார்க்கும் கடைக்குக் கட்டணம் வைத்தால், அதை வசூலிக்கவே ஒரு ஆள் வேண்டும். அதிகாரம் சிதறியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. சிதறாமல் இருந்த காலத்திலும் மாதிரி எடுக்கும் பணம் கவுன்சிலின் பையில்தான் இருந்தது.

கீரிமலையான்

மூவருக்கும் நன்றி. நாட்டின் பெயர் பற்றிய என் முறைப்பாடே பலவீனமானது என்று இப்போது புரிகிறது. திருத்தி மறுபடியும் அனுப்புகிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். கவுன்சில் வராவிட்டால் நானே அந்த இறைச்சியைச் சோதனைக்குக் கொடுக்க முடியுமா? ஆணையாளர்கள் ஒப்புக்கொண்ட வரவு செலவுத் திட்டத்தில் இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நான் எப்படி அறிவது? வெளியிடப்பட்ட ஆவணத்தில் 'ஒழுங்குமுறைச் சேவைகள்' என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறார்கள்.

தராசுமுனை

முதல் கேள்விக்கு: முடியும், பலருக்குத் தெரியாது. அதே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 30, உணவை வாங்கிய எவரும் அந்தப் பகுதிக்குரிய பொதுப் பகுப்பாய்வாளரிடம் (உணவு மாதிரிகளை ஆய்வகத்தில் சோதிப்பவர்) மாதிரியைக் கொடுக்கலாம் என்கிறது. கட்டணத்தை முன்கூட்டியே கேட்க அவருக்கு உரிமை உண்டு. திறந்த பொதியில் பின்னர் எதுவும் கலந்திருக்கலாம் என்று கடைக்காரர் வாதிட இடம் கொடுக்காமல், புதிதாக ஒன்று வாங்கி, பற்றுச்சீட்டோடு, திறக்காமல், உறைநிலையில் வைத்துக் கொடுங்கள். அந்த முடிவை வைத்து வழக்குத் தொடுப்பது எளிதல்ல. ஆனால் 'தகவலைப் பதிவு செய்துகொண்டோம்' என்று இரண்டாம் முறையும் எழுதிவிட்டுக் கவுன்சில் ஒதுங்க முடியாது.

பழைய பேரேடு

இரண்டாவது கேள்வி என்னுடையது. 'ஒழுங்குமுறைச் சேவைகள்' என்ற அந்த வரியை எழுதிய கைகளுள் என்னுடையதும் ஒன்று, எனவே அதற்குள் எப்படி நுழைவது என்றும் சொல்லிவிடுகிறேன்.

2014ஆம் ஆண்டின் உள்ளூர்க் கணக்காய்வுச் சட்டத்தின் பிரிவு 26, கவுன்சிலின் ஆண்டுக் கணக்கோடு தொடர்புடைய பேரேடு, ஒப்பந்தம், விலைப்பட்டியல் (இன்வொய்ஸ்), பற்றுச்சீட்டு ஆகியவற்றைப் பார்வையிட்டுப் பிரதி எடுக்கும் உரிமையை அக்கறையுள்ள எவருக்கும் தருகிறது. அதற்கான காலம் ஆண்டுக்கு ஒரு முறை, 30 வேலை நாட்கள். கவுன்சிலின் இணையத்தளத்தில் அறிவித்தல் வரும், பெரும்பாலும் எவர் கண்ணிலும் படாத மூலையில். போய், 'உணவுத் தரத்துக்கு எவ்வளவு செலவிட்டீர்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அந்த வரியையே மறுபடி காட்டுவார்கள். அந்த ஆண்டில் பொதுப் பகுப்பாய்வாளருக்குச் செலுத்திய விலைப்பட்டியல்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். ஆய்வகம் பட்டியல் அனுப்பாமல் வேலை செய்யாது. ஆகவே அந்தப் பட்டியல்களைப் பார்த்தால், எவ்வளவு சோதனை நடந்தது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். 500 பவுணுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும் கவுன்சில் இணையத்தில் வெளியிட வேண்டும் என்ற விதியும் இருப்பதால், போவதற்கு முன் அந்தக் கோப்பில் ஆய்வகத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

நீங்கள் வாக்காளராகப் பதிவு செய்தவர் என்றால், அதே காலத்துக்குள் கணக்காய்வாளரிடம் ஆட்சேபம் எழுதவும் முடியும். ஆனால் ஒரு செலவு சட்டத்துக்கு மாறானது என்றோ, பொதுநல அறிக்கை எழுத வேண்டிய விடயம் என்றோதான் ஆட்சேபிக்கலாம். 'குறைவாகச் செலவிட்டார்கள்' என்பது கொள்கை சார்ந்தது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். 30 நாள் இந்த ஆண்டுக்குக் கடந்துவிட்டிருந்தால், தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். அதற்கு 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கேட்கும்போது பிரிவு 114 அறிவித்தலுக்கு முந்திய ஆண்டையும் பிந்திய ஆண்டையும் சேர்த்தே கேளுங்கள். விலைப்பட்டியல்களின் பிரதி கிடைத்ததும், ஆணையாளர்களின் அலுவலகத்துக்கும் உணவுத் தர முகமைக்கும் ஒரே கடிதத்தில் அவற்றை அனுப்புங்கள். இரண்டு பெயர்களும் ஒரே கடிதத்தின் தலைப்பில் இருக்கட்டும், தனித்தனியாக அனுப்பினால் ஒவ்வொருவரும் மற்றவருடைய வேலை என்றுதான் பதில் எழுதுவார்கள்.